கரோஷி: ஒரு சொல் சொல்லும் பாடம்



நான் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்ததும், "அங்க போனா வேலை வாங்கியே கொன்னுருவான்" என்று பயமுறுத்தியவர்கள் பலர். அது முழுப் பொய்யும் இல்லை. அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவுக்கு அங்கே 'கரோஷி' என்று தனிச்சொல்லே உண்டு. ஆனால், அந்தப் பேரை வைத்தவர்களும் ஜப்பானியர்கள்தான்! அதைத் தடுக்க 2014-ல் சட்டம் போட்டார்கள். 2019 முதல் ஓவர்டைமுக்கு, பொதுவாக மாதம் 45 மணி நேரம் என்று வரம்பும் கட்டினார்கள். குறை தீர்ந்துவிடவில்லை, ஆனால் மூடி மறைக்கவில்லை.

நம்ம வீரகேரளம்புதூர் பக்கம் ராத்திரி வரை பீடி சுற்றும் அம்மாக்களின் முதுகுவலிக்கு நாம் வைத்த பேர் என்ன? 'தலையெழுத்து'!

ஜப்பானைக் குறை சொல்வோம், தப்பில்லை. நம் வீட்டுக் குறைக்கும் சரியான பேர் வைக்கப் பழகுவோம். மொழி படிப்பது அதற்கும்தான்!