மொழித்தீவும் அகராதியும்

எல்லைப்புறத் தமிழை வட்டாரச் சொல்லகராதி தொகுத்தே காத்துவிடலாம் என்பர் ஆய்வாளர் சிலர். இக்கருத்து ஏற்புடையதன்று. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது; குப்பமும் அதனையடுத்த சாந்திபுரமும் ஆந்திரத்திலேயே நின்றன. அப்பகுதித் தமிழர் தெலுங்கு சூழ்ந்த மொழித்தீவினர். பாலினேசியத் தீவினரான மாவோரியர் அகராதியோடு அமையவில்லை. நியூசிலாந்தில் அவர்கள் 1982இல் தொடங்கிய 'மொழிக்கூடு' என்னும் மழலையர் பள்ளிகளில், முதியோரே பேரக்குழந்தைகளோடு தாய்மொழியில் பேசிப் பழகினர். வழக்காறுகளும் அப்பேச்சின் வழியே சென்று சேர்ந்தன. ஹவாயிலும் 1984இல் இம்முறை வேர்கொண்டது. இங்கோ, விதைப்பும் மூலிகையும் அறிந்த முதியோர் ஆய்வாளர்க்குத் தகவலாளர் மட்டுமே! மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு வழிசெய்யுமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. 1997இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகமோ குப்பத்திலேயே உள்ளது. களப்பணியில் திரட்டிய ஒலிப்பதிவுகள் அவ்வூர்ப் பள்ளிகளுக்கு ஏன் திரும்புவதில்லை?