பாட்டிலைப் பிடுங்கினால் போதுமா?

விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூர். அங்கே கொளஞ்சியப்பர் கோவில். மனக்குறை உள்ளவர்கள் அதைத் தாளில் எழுதி முருகனிடம் 'பிராது' கட்டுவது அந்தக் கோவில் வழக்கம்.

"என் புருஷன் குடிக்கிறார். நீதான் நிறுத்தணும், சாமி!" இப்படிப் பிராது எழுத வேண்டிய நிலையில் எத்தனை குடும்பங்கள்!

பெண்டாட்டி எழுதலாம். பெற்ற தாய் எழுதலாம். ஆனால் ராத்திரி போர்வைக்குள் சுருண்டு கொண்டு, அப்பா அம்மாவை அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக் கிடக்கிறானே 7 வயதுப் பயல்! அவனுடைய பிராதை யார் எழுதுவது?

எழுதப்படாத அந்தப் பிராதுதான், 20 வருஷம் கழித்து, பலருடைய கையில் பிராந்தி பாட்டிலாக வந்து நிற்கிறது.

சூளை சொல்லும் பாடம்

இது பீங்கான் ஊர். பச்சை மண்ணில் விழுந்த கீறலை மேலே கிளேஸ் பூசி மறைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று இங்குள்ள தொழிலாளர்களுக்குத் தெரியும். சூளையில் சூடு ஏறியதும் கீறல் வாயைப் பிளந்து விடும்.

மனுஷன் மனசும் கொஞ்சம் அப்படித்தான். இது வெறும் பேச்சல்ல, ஆராய்ச்சி கண்ட உண்மை.

அமெரிக்காவில் டாக்டர் வின்சென்ட் பெலிட்டி, டாக்டர் ராபர்ட் ஆன்டா குழுவினர் 9,500-க்கும் அதிகமானவர்களிடம் கேள்வி கேட்டு, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். சின்ன வயதில் அடி உதை பட்டாயா? தகாத முறையில் யாராவது தொட்டார்களா? தாய் அடிபடுவதைப் பார்த்தாயா? வீட்டில் குடிகாரர் இருந்தாரா? யாராவது ஜெயிலுக்குப் போனார்களா? இப்படி 7 வகைக் கொடுமைகளைப் பற்றிக் கேட்டார்கள்.

அவற்றில் 4 அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைவிட, குடி, போதை மருந்து, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள் 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தது.

அடிபட்ட பிள்ளை எல்லாம் குடிகாரன் ஆகி விடுவதில்லை. அடிபடாமல் வளர்ந்தவனும் குடிக்கிறான். ஆனால் பழைய காயத்தோடு குடிப்பவனுக்கு அது வெறும் ஜாலி அல்ல. வலி தெரியாமல் இருக்க அவனே தேடிக் கொண்ட மருந்து! அந்த மருந்து நோயை விடக் கொடியது என்பது அவனுக்குத் தாமதமாகத்தான் புரிகிறது.

திரும்பத் திரும்ப ஏன்?

ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கை நடுக்கம் நிற்கிறது. சாப்பாடு இறங்குகிறது. முகம் தெளிகிறது. வீட்டுக்கு வருகிறான். ஒரே மாதம்! மறுபடியும் கடை வாசலில் நிற்கிறான்.

"திருந்தாத ஜென்மம்" என்று ஊர் காறித் துப்புகிறது.

"எத்தனை வருஷமா குடிக்கிறே? தினமும் எவ்வளவு?" என்று கேட்டவர்கள், "சின்ன வயசிலே உனக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டார்களா? உடம்பில் இருந்த சாராயம் இறங்கியது. மனசில் இருந்த பயம் இறங்கவில்லையே! தூக்கம் வராத ராத்திரியில் பழைய சத்தம் காதில் கேட்கும்போது அவன் எங்கே போவான்?

இரண்டு நோய்க்கும் ஒன்றாக வைத்தியம் வேண்டும் என்று இந்தத் துறை நிபுணர்கள் சொல்கிறார்கள். அதற்காக முதல் நாளே பழைய கதையைக் கிளறி அழ வைக்கக் கூடாது. அமெரிக்க மனநல நிபுணர் லிசா நஜாவிட்ஸ் 2002-ல் புத்தகமாக வெளியிட்ட சிகிச்சை முறையும் இதைத்தான் சொல்கிறது. முதலில் இன்றைய நாளைப் பத்திரமாகக் கடக்கப் பழக்க வேண்டும். கோபம், பயம், தூக்கமின்மை வரும்போது பாட்டிலுக்குப் பதில் வேறு என்ன செய்யலாம் என்று கற்றுத் தர வேண்டும். பழைய கதை, அவன் தயாரானபோது தானாக வரும்.

விபரீத வைத்தியம்

சிலர் குடிகாரனுக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள். இது விபரீதம்! அதன் மேல் அவன் குடித்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். பல வருஷம் தினமும் குடித்தவனைத் திடீரென்று அறையில் பூட்டி நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு மூன்று நாளில் வலிப்பும் ஜன்னியும் வரலாம். டாக்டர் கண் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் குடிநோய் சிகிச்சை மையம் தொடங்கினார். குடிப்பவரோடு அவர் குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. மனைவியும் பிள்ளையும் பட்ட காயத்தையும் ஆற்ற வேண்டும் என்பது அந்தத் தாயின் அனுபவ பாடம்.

ஆனால் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது? மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மது விற்பனையால் அரசுக்கு 2023-24-ல் வந்த வருமானமோ 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

கருணாபுரத்துப் பிள்ளைகள்

2024 ஜூன் மாதம், பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கருணாபுரத்தில் வரிசையாகப் பாடைகள். தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5 ஆயிரம் ரூபாயும், 5 லட்சம் ரூபாய் டெபாசிட்டும் அரசு அறிவித்தது. நல்ல காரியம்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் கண்ணால் கண்ட காட்சியை எந்த பேங்கில் டெபாசிட் செய்வது? பணம் படிக்க வைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டாமா? இன்று கேட்காமல் விட்டால், நாளை அவர்களில் சிலரையும் "திருந்தாத ஜென்மம்" என்று ஊர் ஏசும்.

2025-ல் 25 இடங்களில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு திறந்தது. அங்கே வரும் ஒவ்வொருவரிடமும் சின்ன வயதைப் பற்றி ஒரு வார்த்தை பக்குவமாகக் கேட்க வேண்டும். விருத்தாசலம் போன்ற தாலுகா ஊர்களிலும் வாரம் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிற பையனைப் பிரம்பால் அடிக்கும் முன், ராத்திரி அவன் வீட்டில் என்ன நடந்தது என்று வாத்தியார் விசாரிக்க வேண்டும்.

பொதுமக்களுக்கும் வேலை உண்டு. போதை பற்றிய ஆலோசனைக்கு 14446. மனக்கஷ்டத்துக்கு 14416. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மூன்றுக்கும் காசு கிடையாது. இந்த நம்பர்களைக் கடைக்காரர்கள் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைக்கலாம்.

பீங்கான் உடைந்தால் ஒட்டாது. மனுஷன் பீங்கான் அல்ல. கேட்க ஆள் இருந்தால் தேறி வருவான்.

தாய்மார்கள் பிராதைக் கொளஞ்சியப்பர் பார்த்துக் கொள்வார். போர்வைக்குள் கிடக்கும் அந்தச் சிறுவனின் பிராதை வாங்கிக் கொள்ள வேண்டியது ஆஸ்பத்திரியும், பள்ளிக்கூடமும், அக்கம்பக்கமும்தான்.

வாங்கிக் கொள்வார்களா?