சலுகை எந்திரத்துக்கா, ஆளுக்கா?



கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வெளியே வருகிறவனிடம் நாம் முதலில் கேட்பது சம்பளம் அல்ல, "எந்த ஊருடா?" என்பதுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்... இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதில். போன வருஷம் போன சீனியர் அண்ணன், ஒரே ரூமில் ஆறு பேராகத் தங்கியிருக்கிறார். வாடகை, மெஸ் போக ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம்தான். "நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனி வரக்கூடாதாய்யா?" என்று எங்கம்மா கேட்டாங்க. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பதில் சொல்ல வேண்டியவனும் நான்தானே!

அரசாங்கத்தின் பதில் பழைய பதில்தான்: சலுகை. 1974-இல் வருமான வரிச் சட்டத்தில் 80 எச்.எச். என்ற பிரிவு சேர்ந்தது. பின்தங்கிய பகுதியில் புது ஆலை வைத்தால், பத்து ஆண்டுகளுக்கு லாபத்தில் 20 சதவீதத்துக்கு அப்போது வரி கிடையாது. நிபந்தனை? மின்சாரத்தில் ஓடும் ஆலை என்றால் பத்துத் தொழிலாளர் இருந்தாலே போதுமானதாக இருந்தது!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கோடி லாபம் எடுக்கும் இரண்டு ஆலைகள். ஒன்றில் பத்துப் பேர், இன்னொன்றில் இருநூறு பேர். இரண்டுக்கும் ஒரே சலுகை! லாபம்தான் அளவுகோல், ஆள் அல்ல. அப்படியானால் முதலாளி எந்திரம் வாங்குவாரா, நம்மைக் கூப்பிடுவாரா?

2003-இல் உத்தரகாண்ட், இமாசலப் பிரதேசத்துக்கு இன்னும் பெரிய சலுகை வந்தது. பத்து ஆண்டு கலால் வரி இல்லை. முதல் ஐந்து ஆண்டு லாபத்துக்கு முழு வரிவிலக்கு. பட்டியிலும் ஹரித்வாரிலும் ஆலைகள் குவிந்தன. உண்மையிலேயே வேலையும் கிடைத்தது. ஆனால் "எங்க ஆலைகள் அங்கே போகுதே" என்று பஞ்சாப் புலம்பியது. ஒரு வீட்டு விளக்கை எடுத்து இன்னொரு வீட்டில் வைத்தால் ஊருக்கு வெளிச்சம் கூடிவிடுமா?

நம் மாநிலத்திலும் பார்த்தோம். சலுகைகளோடு வந்த நோக்கியா ஆலை 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் நிறுத்தியது. வரி வழக்கு, கம்பெனி கைமாறியது என்று காரணங்கள் பல. வேலை போனது என்னவோ நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத்தான்.

அதற்காகச் சலுகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓசூரைப் பாருங்கள். பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர். சிப்காட் வந்தது, லேலண்ட் வந்தது, டைட்டன் வந்தது. டைட்டன் பள்ளி முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, கடிகாரம் செய்ய வைத்தது. பெங்களூர் பக்கத்தில் இருந்ததும், ரோடு இருந்ததும் கைகொடுத்தன. ரோடும் தண்ணீரும் பயிற்சியும் இல்லாத இடத்தில் சலுகை மட்டும் கொடுத்தால் சீமைக்கருவேலம்தான் வளரும்.

அப்போ என்ன செய்யலாம்? வழி சட்டத்திலேயே இருந்தது. 2016-இல் திருத்தப்பட்ட 80 ஜே.ஜே.ஏ.ஏ. பிரிவு, புதிதாகச் சேர்த்த ஆளின் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டு கூடுதலாகக் கழிக்க விட்டது. மாதச் சம்பளம் 25,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பி.எஃப். இருக்க வேண்டும், பொதுவாக வருஷத்தில் 240 நாள் வேலை கொடுத்திருக்க வேண்டும். ஆளை எண்ணும் சட்டம்! ஆனால் அதற்குச் சென்னையும் ஒன்று, முதுகுளத்தூரும் ஒன்று. தமிழக அரசின் 2021 தொழில் கொள்கையோ மாவட்டங்களை மூன்றாகப் பிரித்து, தென்மாவட்டங்களுக்குக் கூடுதல் சலுகை தந்தது. ஒன்று ஆளைப் பார்த்தது, இன்னொன்று ஊரைப் பார்த்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன?

நான் கேட்பது மூன்றே மூன்று. பின்தங்கிய ஊரில் நிரந்தர வேலை கொடுத்தால், ஆள் கணக்கில் சலுகை கொடுங்கள். அப்ரண்டிஸையும் காண்ட்ராக்ட்டையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு சலுகை, எத்தனை பேருக்கு வேலை என்று வருஷாவருஷம் பட்டியல் போடுங்கள். பாதியில் மூட்டை கட்டினால் வாங்கியதைத் திருப்பிக் கேளுங்கள்.

"இப்படிக் கறார் பண்ணினா பக்கத்து மாநிலத்துக்குப் போயிடுவாங்க" என்பார்கள். சலுகைக்காக மட்டும் வருகிறவன், அது தீர்ந்த மறுநாளும் போகத்தான் போகிறான்.

நண்பர்களே, விட்டுக்கொடுக்கிற வரி யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டும் நம் அப்பா அம்மாவின் பணம். கணக்குக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை! டிப்ளமோ கையில் வாங்கும் முன்பே அதைக் கேட்கப் பழகுவோம்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை