திருத்துவது யார்?

வங்கியில் நான் போடும் வவுச்சரை நானே பாஸ் பண்ண முடியாது. நூறு ரூபாயானாலும் இன்னொருத்தர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. கட்டுரை என்று வந்துவிட்டால் மட்டும் நமக்குச் சுருக்கென்கிறது. 'என் வலியைத் திருத்த நீ யாரு?' என்று சண்டைக்குப் போகிறோம். இந்தக் கோபத்தில் பாதி நியாயம், பாதி சோம்பேறித்தனம்.

நியாயமான பாதியை முதலில் பார்ப்போம். யானைக்கவுனியில் வளர்ந்த எனக்கு அம்மாவின் அம்மா 'ஆயா'. ஒரு பத்திரிகை என் கட்டுரையில் அவளைப் 'பாட்டி' ஆக்கியது. 'நாஸ்தா' சிற்றுண்டியானது. அச்சில் வந்தபோது எங்க தெரு ஜனம் ஒருத்தரும் அதில் இல்லை. பிழைதிருத்தம் என்ற பேரில் மனிதர்களை அப்புறப்படுத்துவதும் அரசியல்தான். 1936-இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதிய உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்றார் அவர். மாநாடு நடக்கவில்லை. 'சாதி ஒழிப்பு' அவர் செலவிலேயே நூலாக வந்தது. 1500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன.

இந்தக் காற்புள்ளிக் கதையை மேடைக்கு மேடை சொல்கிறோம். மீதிக் கதையை விட்டுவிடுகிறோம். அதே அம்பேத்கர், 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் வாசித்தார். அதன் பிறகே, 1917-இல் அது அச்சேறியது. 'சாதி ஒழிப்பு' 1937-இல் இரண்டாம் பதிப்பு கண்டபோது, காந்தியின் விமர்சனத்தையும் தன் பதிலையும் அதிலேயே சேர்த்தார். 1951-இல், புத்தர் பற்றிய தன் நூலை 50 படிகள் மட்டும் அச்சிட்டு, தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். 'புத்தரும் அவர் தம்மமும்' வெளியானது அவர் மறைந்த பிறகு, 1957-இல். வாயை மூடச் சொன்னவனிடம் ஒரு காற்புள்ளியும் தராதவர், கூட இருந்தவர்களிடம் முழு நூலையும் நீட்டினார். இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்.

இனி சோம்பேறித்தனமான பாதி. அது என் கதை. வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் கூடுகிறோம். பாதாளச் சாக்கடைச் சாவு பற்றி நான்கு பக்கம் எழுதிப் போயிருந்தேன். 'சாக்கடையில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி இறந்தார்' என்று வாசித்ததும், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார்.

"அவரா எறங்குனாரு? எறக்கி உட்டவன் எங்கப்பா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. போலீஸ் எழுதும் வாக்கியம் அது. பேப்பரில் படித்துப் படித்து என் கைக்கும் வந்துவிட்டது. கொன்றவனைக் காணோம், வாயுதான் குற்றவாளி. "சட்டம் என்ன சொல்லுதுண்ணே?" என்றாள் சட்டம் படிக்கும் தங்கை. எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993-இலேயே வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சாக்கடைச் சாவுக்கு உச்சநீதிமன்றம் 2014-இல் 10 லட்சமும், 2023-இல் 30 லட்சமும் இழப்பீடு என்றது. வாக்கியத்தை மாற்றினேன்: 'கவசம் கொடுக்காமல் ஒப்பந்தக்காரர் அவரை இறக்கினார். அவர் இறந்தார்.' நான்கு பக்கம் இரண்டானது. ஒப்பாரி போய்க் குற்றப்பத்திரிகை வந்தது. என் வலியை யாரும் தொடவில்லை, என் சோம்பலைத்தான் தொட்டார்கள்.

எழுதும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். அச்சுக்குத் தருமுன் உரக்க வாசியுங்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களில் ஒருவராவது எதிரில் உட்கார்ந்திருக்கட்டும். அவர் பேசி முடிக்கும்வரை விளக்கம் சொல்லாதீர்கள். அவர் வாயைப் பொத்தினால் நாமும் லாகூர் மண்டல்தான்.

பிறர் எழுத்தைத் திருத்த உட்காரும் தோழர்களுக்கும் ஒன்று. ஆயாவைத் தொடாதீர்கள். இறக்கிவிட்டவனை விடாதீர்கள்.