ஸ்கிரீன்ஷாட் ஒரு சீட்டுதான், இன்னொரு சீட்டு எங்க?

போன வீடியோ கமெண்ட்ல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எங்க ஷிப்ட்ல ஒருத்தர் ஆப்ஷன்ல தினமும் லாபம்னு ஸ்கிரீன்ஷாட் போடறார். கோர்ஸ் ஃபீஸ் கட்டலாமா சார்?" வீடியோல ரெண்டு வரியில பதில் சொன்னது போதல, அதான் இங்க.

போக்கர்ல சீட்டைக் காட்டறதுக்குன்னு சில விதிகள் இருக்கு. (காசு வெச்சு ஆடற ஆன்லைன் கேம்களை 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் தடை பண்ணிடுச்சு. ஆட நான் சொல்லல, விதியை மட்டும் பார்ப்போம்.) எல்லாரும் பயந்து விலகிட்டா, ஜெயிச்சவர் சீட்டையே காட்ட வேண்டாம். கையில குப்பை இருந்தாலும் காசு அவருக்குத்தான். ஆனா கடைசி ரவுண்டுல அவர் வெச்ச பந்தயத்துக்கு ஈடா ஒருத்தர் காசு போட்டுட்டா, பந்தயம் வெச்சவர்தான் முதல்ல திறந்து காட்டணும். அதுவும் ரெண்டு சீட்டையும். ஒரு ஏஸை மட்டும் காட்டிட்டு "நான்தான் ஜெயிச்சேன்"னு பணத்தை எடுக்க முடியாது. வாயால என்ன சொன்னாலும் கணக்கில்ல, மேசையில திறந்து கிடக்கற சீட்டுதான் பேசும்.

இப்ப அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்க. அது ஒரு சீட்டு. ஒரு நாள் லாபம். இன்னொரு சீட்டு என்னன்னா, புரோக்கர் ஆப்ல இருந்து எடுக்கற முழு வருஷ டாக்ஸ் பி&எல். புரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி எல்லாம் போக மிஞ்சினது எவ்வளவுன்னு அதுல தெரியும். நீங்க ஃபீஸ் கட்டப் போறீங்கன்னா, காசு போட்டுக் கேக்கற ஆள் நீங்க. காட்டச் சொல்றது உங்க உரிமை. "என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கோபப்பட்டா, பதில் கிடைச்சாச்சுன்னு எடுத்துக்கங்க.

இது வீண் சந்தேகம் இல்லங்க. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்துல எஃப்&ஓ பண்ணின 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு ஏறக்குறைய 2 லட்சம். காக்களூர் எஸ்டேட்ல புதுசா சேர்ந்த டிப்ளமோ பையனுக்கு அது எத்தனை மாசச் சம்பளம்னு நீங்களே கணக்குப் போடுங்க. அந்த 93% பேரோட ஸ்கிரீன்ஷாட் உங்க வாட்ஸ்ஆப்ல வந்ததே இல்லயே, ஏன்? தோத்தவர் சீட்டைக் காட்டாம கவுத்திப் போட்டுடறார். அது மனுஷ சுபாவம், தப்பு சொல்லல.

ஆனா ஒரு இடத்துல கவுத்திப் போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம். போக்கர்ல சீட்டைக் கவுத்து டீலர்கிட்ட தள்ளிட்டா அந்தக் கை செத்துப்போச்சு. ஜெயிக்கற கையா இருந்தாலும் திரும்ப எடுக்க முடியாதுன்னு வெச்சுக்கங்க. வருமான வரியில நம்ம ஆளுங்க இதைத்தான் செய்யறாங்க. எஃப்&ஓ-ல 80,000 போச்சு, வீட்ல தெரியக் கூடாதுன்னு ஃபார்ம்-16-ஐ மட்டும் வெச்சு ஐடிஆர்-1 போட்டுடறாங்க. எஃப்&ஓ பிசினஸ் வருமானம், அதுக்கு ஐடிஆர்-3 போடணும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாதுதான். ஆனா கெடு தேதிக்குள்ள காட்டியிருந்தா அடுத்த 8 வருஷம் வரைக்கும் பிசினஸ் லாபத்துல கழிச்சுக்கலாம். காட்டாம விட்டா அந்த உரிமை போச்சு.

இன்னொண்ணு. "நான் டிப்ஸ் தரல, பாடம்தான் எடுக்கறேன்"னு சொல்றவங்களுக்கும் செபி 2025 ஜனவரியில கோடு போட்டிருக்கு. பாடம் மட்டும் நடத்தறவர் கடைசி 3 மாச விலையைக் காட்டிப் பேசக் கூடாதுன்னு அப்ப சொல்லிச்சு. இன்னிக்கு ஓடற சார்ட்டைக் காட்டி "இதை வாங்குங்க"ன்னா அது பாடம் இல்ல, ஆலோசனை. அதுக்கு செபி பதிவு எண் வேணும். செபி வெப்சைட்ல பேரைப் போட்டுத் தேடினா 2 நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

அந்தத் தம்பிக்கு: திங்கக்கிழமை ஷிப்ட்ல அவர்கிட்ட டாக்ஸ் பி&எல் கேளுங்க. என்ன சொன்னார்னு கமெண்ட்ல போடுங்க, அவர் பேர் வேண்டாம்.