ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

“நீதான் காலேஜ் படிக்கிறவ. பையனை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம், நீயே சொல்லுடி” என்று 2025 ஏப்ரலில் ஒரு நாள் இரவு என் அக்கா கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வுத் தாளில் விடை தெரியாத கணக்குக்குக்கூட நாலு வரி எழுதிவிட்டு வருபவள், அக்காவின் கேள்விக்கு விடை சொல்ல ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒன்றரை மாதத்தில் கண்டதையும் எண்ணியதையும் ஆசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன். என்னைப் போலவே முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் இக்கல்லூரியில் நிறையப் பேர். இன்றில்லாவிட்டால் நாளை, இதே கேள்வி உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கேட்கப்படும்.

எங்கள் ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி உண்டு. அக்காவும் நானும் படித்தது அங்கேதான். இப்போது ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 23 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஏழு கிலோமீட்டர் தள்ளி, டவுனில் ஒரு தனியார் ஆங்கில வழிப் பள்ளி. காலை ஏழரை மணிக்கு அதன் மஞ்சள் வேன் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். அந்த வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் தாய்க்குத் தெருவிலே தனி மதிப்பு. ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய். வேனுக்கு மாதம் 800. புத்தகம், சீருடை, காலணி எல்லாம் தனி. மாமா வாடகைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அக்கா தன் காதுத் தோட்டை அடகு வைப்பதென்று ஏற்கெனவே மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். என்னிடம் கேட்டது, அந்த முடிவுக்கு ஒரு படித்த வாய் ‘சரி’ என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

நானோ மேடை கிடைத்ததுபோல் பேசத் தொடங்கிவிட்டேன். அரசுப் பள்ளிதான் நம் பள்ளி என்றேன். அங்கே படித்துத்தானே நான் இன்று பட்டப் படிப்புக்கு வந்திருக்கிறேன் என்றேன். அக்கா குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நானும் அதே பள்ளிக்கூடந்தான். அஞ்சாவது முடிச்சப்பவும் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வந்துச்சு. இவளுக்கு வரலைன்னு ஒருத்தரும் கண்டுக்கல. அதுக்குள்ள நீ பிறந்துட்ட. உன்னைத் தூக்கி வச்சுக்க ஆள் இல்லைன்னு என்னை நிறுத்திட்டாங்க.”

என் வாய் அடைத்துப் போயிற்று. ஒரே பள்ளி; ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தி கணிதம் படிக்கிறாள். இன்னொருத்தி பேருந்தின் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பேருந்து போய்விடுகிறது. ‘அரசுப் பள்ளி நல்லது’ என்பதும் ‘தனியார் பள்ளி நல்லது’ என்பதும் இந்த வேறுபாட்டுக்கு விடை தரவில்லை. நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

முதலில் டவுன் பள்ளி. அக்கா, மாமா, பையன், நான் நால்வரும் போனோம். “தேர்வெல்லாம் இல்லை, சும்மா பேசிப் பார்ப்போம்” என்றார்கள். பையனிடம் நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவன் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அக்காவையும் மாமாவையும் பார்த்து, “நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்றார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மே மாத வெயிலைவிட அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டக் கூடாது என்று 13-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அதன் பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. நன்கொடை கேட்பதும் குற்றமே. பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகவோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்க முடியாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இந்த இரு வரிகள் எவ்வளவு பெரிய துணை! ஆனால், இந்த வரிகள் அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றனவா?

அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும்; அவர்களுக்கான கட்டணத்தை அரசு தரும். எங்கள் தெருவிலும் இதைப் பற்றிப் பேச்சு உண்டு, விவரந்தான் இல்லை. ‘தொடக்க நிலை’ என்பது அந்தப் பள்ளியில் எது முதல் வகுப்போ அது. எல்.கே.ஜி. நடத்தும் பள்ளியில் அது எல்.கே.ஜி.தான். ஒன்றாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த வாசல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்டது. அக்கா அப்படித்தான் காத்திருந்தாள். போதாக்குறைக்கு, 2025-ஆம் ஆண்டில் ஒன்றிய அரசின் நிதி வராமல், கோடையில் நடக்க வேண்டிய அச்சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கிற்று.

‘மெட்ரிக்’ என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மயக்கம் உண்டு. அது வேறு உயர்ந்த பாடம் என்று நம்புகிறார்கள். 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எல்லா வகுப்புகளிலும் நடைமுறையானது முதல், மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் இருவரும் எழுதுவது ஒரே பொதுத் தேர்வு. அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவ இடம் கிடைக்கும் என்று எதிர்ப்பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. 2020-இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் கொள்வது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக அந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை.

இனி, தரம் என்ற பெரிய கேள்வி. அதை எப்படி அளப்பது? கட்டடத்தை அளக்கலாம், கழுத்துப் பட்டையை அளக்கலாம். பிள்ளையின் தலைக்குள் போனதை எப்படி அளப்பது?

எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி அந்த டவுன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ‘மை ஸ்கூல்’ என்று பத்து வரி ஆங்கிலக் கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அக்காவுக்குக் கண் விரிந்தது. நான் நோட்டை வாங்கி, ஆறாவது வரியில் ஒரு சொல்லின்மீது விரலை வைத்து, “இது என்ன பாப்பா?” என்றேன். அவள் உதட்டை அசைத்து முதல் வரியிலிருந்து மெல்லச் சொல்லிக்கொண்டே வந்து, ஆறாவது வரியில் நின்று, “கார்டன்” என்றாள். அவள் படிக்கவில்லை, நண்பர்களே, எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் அறிவில் குறையில்லை. பத்து வரியை மனத்தில் நிறுத்தும் பிள்ளைக்குப் படிக்கவா வராது? வரவில்லை என்பதை அங்கே யாரும் பார்க்கவில்லை. டவுன் பள்ளிக்குப் போயிருந்தபோது, “படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்கள்?” என்று நான் கேட்டதற்கு, “எங்க பள்ளியில அப்படி யாரும் இல்லைங்க” என்றுதான் விடை வந்தது.

ஜூன் முதல் வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனேன். 2011-இல் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது செயல்வழிக் கற்றலுக்காகச் சுவரின் அடியில், தரையோடு ஒட்டி, எங்கள் உயரத்துக்கு அடித்திருந்த கரும்பலகை இன்னும் இருந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். எனக்குச் சுருக்கென்றது. இதற்கா அக்காவிடம் அவ்வளவு வாதாடினேன்?

டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தெரியும்மா. அவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் வரல. பத்துக் குச்சிக் கட்டைப் பிரிச்சுக் கொடுத்தா சரியாச் செய்யறான். நோட்டுல எழுதும்போது பெரிய எண்ணுலேர்ந்து சின்ன எண்ணைக் கழிச்சிடறான். இந்த மாசம் அதைத்தான் பார்க்கணும்.” 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். அதற்கும் மேலாக, அவர் தம் கைப்பட ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் வராதது எது என்று எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் அக்காவின் கேள்விக்கு விடை கிடைத்தது. எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறதா? பள்ளியின் தரத்தை அளக்க என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ‘எல்லாருக்கும் எல்லாம் வரும்’ என்று சொல்லும் பள்ளியைவிட, ‘இவனுக்கு இது வரவில்லை’ என்று சொல்லும் பள்ளி மேல். என் அக்காவைக் கெடுத்தது ஓட்டுக் கூரையோ தமிழ் வழியோ இல்லை. ‘இவளுக்கு வரலைன்னு ஒருத்தரும் கண்டுக்கல’ என்ற அந்த ஒன்றுதான்.

இதனால் எல்லா அரசுப் பள்ளியும் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நோட்டு இல்லாத அரசுப் பள்ளியும் இருக்கும். அப்படி நோட்டு வைத்திருக்கும் தனியார் பள்ளியும் இருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளியின் குறையையும் மறைக்கக் கூடாது. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தாம். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளி மெலிகிறது. பள்ளி மெலிவதைக் கண்டு இன்னும் இரண்டு பிள்ளைகள் வேனில் ஏறுகிறார்கள். இந்த நச்சு வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் வெட்டத்தான் வேண்டும்.

அக்காவிடம் கண்டதையெல்லாம் சொன்னேன். பையன் வராத கணக்கு போட்டதையும் சேர்த்தே சொன்னேன். நீண்ட நேரம் யோசித்தாள். “அரையாண்டு வரைக்கும் பார்ப்பேன். என் பையனுக்குப் படிக்க வரலைன்னா தோடு அடகுக்குப் போகும்” என்றாள். நியாயமான ஒப்பந்தம். பையன் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தான். 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், விடியலிலேயே களை வெட்டப் போகும் அக்காவுக்குப் பெரிய நிம்மதி. மிச்சமாகும் பணத்தில் ஒரு மேசை வாங்கினோம். சனிக்கிழமைகளில் அவனும் இன்னும் நாலு பிள்ளைகளும் என்னோடு உட்காருகிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பல ஊர்களில் அது கையெழுத்துக் கூட்டமாகவே முடிந்துவிடுகிறது. ஆகஸ்டில் நடந்த கூட்டத்துக்கு அக்காவை அழைத்துப் போனேன். எல்லாரும் சுற்றுச்சுவரைப் பற்றியும் கழிப்பறைத் தண்ணீரைப் பற்றியும் பேசினார்கள், அவையும் வேண்டியவையே. கடைசியில் அக்கா எழுந்தாள். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே கேட்டாள்: “என் பையனுக்கு எது வரல, டீச்சர்?”

டீச்சர் நோட்டை எடுத்தார். ‘ல’வும் ‘வ’வும் அவனுக்கு மாறிப் போகிறதாம். அதைக் கேட்டு இன்னும் மூன்று தாய்மார்கள் எழுந்து தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள்.

மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் விண்ணப்பத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம். நம் தாய் தந்தையர் பள்ளியிடம் கேள்வி கேட்டுப் பழகாதவர்கள், கும்பிட்டுத்தான் பழகியவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் தெருவிலே ஒரு தாயோடு கூடப் போய், கட்டணக் குழு விதித்த கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா, பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா, வரும் பிள்ளையை வடிகட்டுகிறார்களா என்று கேட்க நம்மால் முடியாதா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஊர்ச் சாலையைப் பெருக்குகிறோம், நல்லது. அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யாருக்கு எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி, பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வரலாமே! இதை வரும் முகாமிலேயே செய்து பார்க்க ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அரையாண்டு முடிந்துவிட்டது. பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். ‘ல’வும் ‘வ’வும் இப்போது மாறுவதில்லை. தோடு அக்காவின் காதில்தான் இருக்கிறது. மாலையில் அவன் படிக்கும்போது அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் கூடவே படிக்கிறாள்.