கடல் கடப்போர் கவனத்துக்கு

வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு நம்மவர்கள் செய்யும் ஏற்பாடுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊறுகாய் கசியாதபடி கட்டியாகிவிடும். பேரக் குழந்தைக்கு வளையல் வாங்கியாகிவிடும். பெட்டியைத் தராசில் ஏற்றி இறக்கிக் கிலோக் கணக்கைச் சரிபார்த்தாகிவிடும். ஆனால், "போன இடத்தில் உடம்புக்கு ஏதாவது வந்தால் செலவுக்கு என்ன வழி?" என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம்! புறப்படும் வேளையில் வியாதிப் பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள். வியாதியோ சகுனம் பார்த்து வருவதில்லை.

காரைக்கால் பிரதேசத்து வாசகர்களை, சிறப்பாக நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரம் போன்ற கிராமங்களில் உள்ள குடும்பங்களை, மனத்தில் கொண்டு இதை எழுதுகிறோம். அந்தப் பகுதிக்குக் கடல் பிரயாணம் பழைய சங்கதி. 19-ஆம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஏழைத் தமிழர்கள் ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1861-இல் ஆங்கில சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவர்களைத் திருப்பி அனுப்பும் செலவு பிரெஞ்சு நிர்வாகத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தது. எழுதியபடி எல்லோரும் ஊர் திரும்பிவிடவில்லை என்பது வேறு கதை. ஆயினும், போனவன் திரும்பி வருவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, அடிமைத்தனத்துக்கு அடுத்த படியிலிருந்த அந்த ஒப்பந்தத்தில்கூட இடம் பெற்றிருந்தது. இன்று நாம் சுதந்திர நாட்டின் பிரஜைகளாக, சொந்த விருப்பத்தில் விமானம் ஏறுகிறோம். அந்தக் கேள்விக்கு விடையை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த விடைக்குத்தான் பிரயாண மருத்துவ இன்ஷியூரன்ஸ் என்று பெயர்.

பிரான்ஸ் முதலிய ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா கேட்கும் இந்தியர்களிடம் இந்தப் பத்திரத்தைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள். அவசர வைத்தியம், ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு, மரணம் நேர்ந்தால் அதன் பொருட்டு ஆகும் செலவு ஆகியவற்றுக்குக் குறைந்தது 30,000 யூரோ, அதாவது சுமார் 30 இலட்சம் ரூபாய் வரை, அது ஈடு செய்ய வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இதனால் ஒரு கெடுதலும் விளைந்திருக்கிறது. பத்திரம் என்பது விசா அதிகாரிக்குக் காட்டும் காகிதம் என்று நம்மவர்கள் நினைத்துவிட்டார்கள். எது மலிவோ அதை வாங்குகிறார்கள், வாங்கியதை வாசிப்பதில்லை.

காகிதமே கேட்கப்படாதவர்களின் நிலைமை இன்னும் கவனிக்கத்தக்கது. பழைய பிரெஞ்சு ஆட்சியின் தொடர்பால் காரைக்காலில் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு விசா வேண்டியதில்லை. ஆகவே இன்ஷியூரன்ஸ் எங்கே என்று கேட்பாரும் இல்லை. ஆனால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு கையில் இருப்பதாலேயே அந்த நாட்டு மருத்துவக் காப்பு கிடைத்துவிடாது. அங்கே வேலை பார்ப்பதும் நிலையாக வசிப்பதும்தான் அந்த உரிமைக்கு அடிப்படை. ஓய்வூதியம் பெறுவோருக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். சிங்கப்பூருக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கட்டணச் சலுகை அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது; விருந்தாளி முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்பத்திரிக் கட்டணத்தைப் பற்றியோ நாம் சொல்லவே வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மகளின் பிரசவத்துக்காகவும் பேரனைப் பார்ப்பதற்காகவும் கடல் கடக்கும் தாய் தந்தையரில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் இவற்றில் ஒன்றேனும் இல்லாதவர்களைக் காண்பது அரிது. விண்ணப்பத்தில் "முன்பே ஏதேனும் நோய் உண்டா?" என்ற கேள்வி வரும். பிரீமியம் கூடிவிடும் என்று பயந்தோ, ஏஜெண்டின் யோசனைப்படியோ, "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். சில நூறோ சில ஆயிரமோ ரூபாய் மிச்சமாகிறது. அங்கே நெஞ்சு வலி என்று படுத்ததும், நோயாளி டாக்டரிடம் உண்மையைச் சொல்கிறார்: "பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன்." அந்த வாக்கியம் ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஏறுகிறது. கம்பெனி அதைப் பார்த்துப் பணம் தர மறுக்கிறது. இங்கே நிலத்தையோ நகையையோ தேடிக் கடன்காரர் வருகிறார். ஒரு பொய்யின் விலை இது!

உண்மையைச் சொன்னால் மட்டும் போதுமா? போதாது. சொன்ன நோய்க்குப் பத்திரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பத்திரங்கள் பழைய நோயை அடியோடு விலக்குகின்றன. சில, உயிருக்கு ஆபத்து நேரும் சமயத்தில் மட்டும் ஒரு வரம்புக்குள் ஏற்கின்றன. வயதானவர்களுக்குப் பத்திரத்தின் முகப்பில் ஒரு தொகையும், உள்ளே ஒவ்வொரு சிகிச்சைக்கும் அதைவிடச் சிறிய வரம்பும் இருப்பதுண்டு. முதலில் இவ்வளவு தொகையை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். திரும்பும் நாள் வரையில் காப்பு நீடிக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் தகவல் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணை நோயாளியின் சட்டைப் பையிலும், அங்குள்ள பிள்ளையிடமும், ஊரில் உள்ளவரிடமும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். உள்நாட்டில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பு பெரும்பாலும் நம் எல்லையோடு நின்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

பத்தாம் வகுப்புத் தேறாமல் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசாங்கமே பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்திரம் ஒன்று தன் பெயரில் இருப்பதையே அறியாத குடும்பம் அதனால் என்ன பயன் பெற முடியும்? ஆகவே நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நியாயமான கோரிக்கையைக் கம்பெனி மறுத்தால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால், ஓராண்டுக்குள் இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். காரைக்காலுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அந்நிய நாட்டில் உதவிக்குக் கைநீட்டி நிற்பது யாருக்கும் உவப்பானதல்ல. நம் தூதரகங்களிடம் 2009 முதல் சமூக நல நிதி ஒன்று இருப்பது உண்மையே. அது திக்கற்றவர்களுக்காக ஏற்பட்டது. வசதியிருந்தும் அசட்டையாகப் போனவர்களுக்காக அல்ல. கௌரவத்தோடு போய்க் கௌரவத்தோடு திரும்ப விரும்புகிறவர்கள், விமானச் சீட்டு வாங்கும் அன்றே மருத்துவக் காப்பையும் வாங்கட்டும். வாங்குமுன் குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து விலக்குகள் என்ற பகுதியை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும். அரை மணி நேர வேலை. ஊறுகாய் கட்டுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது.